பூட்டு வாங்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அடையாளப் பாதுகாப்பு மென்பொருளையும் அட்மின் கணக்குகளைக் காக்கும் மென்பொருளையும் ஒப்பிட்டு, தங்கள் நிறுவனத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள். நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்குகிற மென்பொருளின் வழியாகத்தான் தினமும் வேலைக்குள் நுழைகிறேன், சில நாள் நள்ளிரவிலும். நான் வேலை பார்த்த இரண்டு நிறுவனங்களில் இந்த வகை மென்பொருள் வந்து இறங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு முறையும் தேர்வுக் குழுவில் என்னைப் போன்றவர்கள் யாரும் இல்லை. அதற்காக மனக்குறைப்பட்டு இதை எழுதவில்லை. எங்களைக் கூப்பிடாததால் எந்தெந்தக் கேள்விகள் கேட்கப்படாமலே போயின என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஒப்பீட்டுத் தாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இடது ஓரத்தில் நூற்றுச் சொச்சம் வரிகள், மேலே நான்கைந்து நிறுவனப் பெயர்கள், நடுவில் டிக் மழை. பாஸ்வேர்டைத் தானே மாற்றுமா? டிக். செஷனைப் பதிவு செய்யுமா? டிக். கிளவுடில் ஓடுமா? டிக். கடைசியில் எல்லாருக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். அப்புறம் விலையை வைத்து முடிவு, இல்லாவிட்டால் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் போடும் படத்தில் வலது மேல் மூலையில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து முடிவு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இந்தத் தாளைப் போல் நிரூபிக்கும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. பொய் சொல்லி யாரும் டிக் வாங்குவதில்லை. அந்த வசதிகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் ஒரு வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, அது பாதியில் தோற்றால் என்ன ஆகும் என்று கேட்காமல் விட்டால், ஐந்து பெயர்களும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தாளில் இன்னொரு குழப்பமும் இருக்கும். இரண்டு வேறு வேலைகளை ஒரே வரிசையில் நிறுத்தியிருப்பீர்கள். ஊழியர் சேரும் நாளில் கணக்குத் திறப்பது, அவர் துறை மாறினால் அனுமதிகளை மாற்றுவது, வேலையை விட்டுப் போகும் நாளில் மூடுவது, ஒரே உள்நுழைவில் எல்லா செயலிகளுக்கும் வழி விடுவது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கேட்பது: இதெல்லாம் வாசல் வேலை. ஆக்டா, மைக்ரோசாஃப்ட் என்ட்ரா, பிங் ஐடென்டிட்டி, செயில்பாயிண்ட் ஆகியவை இந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. ரூட், டொமைன் அட்மின், டேட்டாபேஸ் உரிமையாளர், ஃபயர்வால், ஹைப்பர்வைசர் போன்ற, எதையும் மாற்றும் அதிகாரம் உள்ள கணக்குகளின் பாஸ்வேர்டுகளைப் பெட்டகத்தில் பூட்டிக் காப்பது கருவூல வேலை. பிரிவிலெஜ்டு அக்சஸ் மேனேஜ்மென்ட் என்று முழுசாகச் சொன்னால் மூச்சு வாங்கும் என்பதால் நாங்கள் 'பேம்' என்போம். ('பாம்' என்று வாய் தவறினால் வாசல் காவலர் முறைப்பார்.) சைபர்ஆர்க், பியாண்ட்டிரஸ்ட், டெலினியா, ஒன் ஐடென்டிட்டி, வாலிக்ஸ், மேனேஜ்எஞ்சின் ஆகியவை அந்தப் பக்கத்தவை.

இப்போது இரண்டு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொண்டிருக்கின்றன. ஆக்டா பேம் விற்கிறது, சைபர்ஆர்க் ஒற்றை உள்நுழைவு விற்கிறது. நிறுவனங்களே கைமாறுகின்றன. 2018-ல் பாம்கார் பியாண்ட்டிரஸ்டை வாங்கி, வாங்கியதன் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. தைகோடிக்கும் சென்ட்ரிஃபையும் 2021-ல் இணைந்து, 2022-ல் டெலினியா ஆயின. ஹாஷிகார்ப், செயலிகளின் ரகசியங்களைக் காக்கும் தன் வால்ட் மென்பொருளின் உரிமத்தை 2023 ஆகஸ்டில் திறந்த மூலத்திலிருந்து மாற்றியது, அதைப் பிடிக்காதவர்கள் ஓப்பன்பாவ் என்று ஒரு கிளையைத் தொடங்கினார்கள். பிறகு ஐபிஎம் அந்த நிறுவனத்தையே சுமார் 640 கோடி டாலருக்கு வாங்கி 2025 தொடக்கத்தில் முடித்தது. அதே ஆண்டு ஜூலையில், சைபர்ஆர்க்கைச் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் அறிவித்தது. ஆகவே 'விற்பனையாளரின் நிலைத்தன்மை' என்ற வரிக்கு எதிரே டிக் போடுவதை விட்டுவிட்டு, ஒரு கேள்வி எழுதுங்கள்: நாளை நாங்கள் வெளியேற வேண்டி வந்தால், உள்ளே வைத்திருக்கும் அத்தனை ரகசியங்களையும் அவற்றின் வரலாற்றோடு எப்படி எடுத்துப் போவது? முதல் டெமோவிலேயே கேளுங்கள். பதில் சொல்பவர் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சரி, நான் சொல்ல வந்த முதல் விஷயம் எண்ணிக்கை. பூட்டைப் பற்றி நாள்கணக்கில் பேசுகிறீர்கள். எத்தனை சாவிகள் இருக்கின்றன என்று யாரும் எண்ணுவதில்லை. உங்கள் தாளில் அட்மின்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி இருக்கும், அதில் நாற்பது என்றோ அறுபது என்றோ எழுதியிருக்கும். மனிதர்களை எண்ணுவது எளிது. உண்மையான கூட்டம் மனிதர்கள் இல்லாத இடத்தில் இருக்கிறது. இரவில் ஓடும் வேலைகளுக்கான சர்வீஸ் அக்கவுண்டுகள், ஒரு செயலி இன்னொரு செயலியோடு பேசப் பயன்படுத்தும் ஏபிஐ கீகள், சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகள், சான்றிதழ்கள், மென்பொருளைக் கட்டி அனுப்பும் பைப்லைனில் இருக்கும் டோக்கன்கள். இப்போது ஏஐ ஏஜென்ட்டுகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு என்ன அனுமதி கொடுப்பது என்று யோசிக்கும் முன்பே யாரோ தன் சொந்த டோக்கனை எடுத்துக் கொடுத்திருப்பார்.

முதல் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பேம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மனிதர்களின் அட்மின் பாஸ்வேர்டுகள் எல்லாம் உள்ளே போய்விட்டன, எல்லாருக்கும் மகிழ்ச்சி. அடுத்தது சர்வீஸ் அக்கவுண்டுகள் என்றார்கள். அறிக்கைகள் தயாரிக்கும் டேட்டாபேஸின் கணக்கு ஒன்றை மென்பொருளில் சேர்த்தார்கள். இரவு 2 மணிக்கு மென்பொருள் தன் கடமையைச் சரியாகச் செய்தது: பாஸ்வேர்டை மாற்றியது. அந்தக் கணக்கைப் பயன்படுத்தும் விண்டோஸ் சர்வீஸ் எங்களுக்குத் தெரியும், அதிலும் மாற்றிவிட்டது. ஆனால் அதே கணக்கு ஒரு ஷெட்யூல்டு டாஸ்க்கிலும், யார் பொறுப்பிலும் இல்லாத ஒரு பழைய கணினியின் கான்ஃபிக் கோப்பிலும் இருந்தது. அந்தப் பழைய கணினி பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கணக்கு லாக் ஆனது. புதிய பாஸ்வேர்டோடு சரியாக ஓடிய சர்வீஸும் அதோடு சேர்ந்து விழுந்தது. காலையில் சம்பளப் பட்டியல் தயாராகவில்லை.

அன்று மதியம் ஒரு கூட்டம். சர்வீஸ் அக்கவுண்டுகளுக்குத் தானியங்கி மாற்றத்தை 'தற்காலிகமாக' நிறுத்துவது என்று முடிவானது. நான் அந்த வேலையை விட்டு வரும் வரை அது திரும்பத் தொடங்கப்படவில்லை. தேர்வுக் குழுவின் தாளில் அந்த வரிக்கு எதிரே இன்னும் டிக் இருக்கும்.

இதில் மென்பொருளின் தவறு எதுவும் இல்லை. நாங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் தவறு. டெமோவில் பாஸ்வேர்டை மாற்றிக் காட்டச் சொல்லாதீர்கள், எல்லாரும் மாற்றிக் காட்டுவார்கள். ஒரே கணக்கை மூன்று இடங்களில் வைத்து, அதில் ஒரு இடத்தை அவர்களுக்குச் சொல்லாமல், மாற்றச் சொல்லுங்கள். மாற்றும் முன் அந்தக் கணக்கு எங்கிருந்தெல்லாம் உள்நுழைகிறது என்று காட்டுகிறதா? மாற்றும் நேரத்தில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பெட்டகத்தில் புதிய பாஸ்வேர்டும் சர்வரில் பழையதும் இருந்தால், மென்பொருள் அதைத் தானே கண்டுபிடித்துச் சீராக்குகிறதா, இல்லை பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கிறதா? இந்த ஒரு பரிசோதனையில் விற்பனையாளர்கள் வெவ்வேறு இடங்களில் நிற்பதைப் பார்ப்பீர்கள்.

எண்ணிக்கை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையை விடப் பெரிய சாட்சி இருக்கிறது. 2023 செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ஆக்டாவின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் ஒருவர் புகுந்திருந்தார். வழி கொடுத்தது ஒரு சர்வீஸ் அக்கவுண்ட். அதன் விவரங்கள் ஓர் ஊழியரின் சொந்த கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தன. அலுவலக மடிக்கணினியின் குரோமில் அவர் தன் சொந்தக் கணக்கில் நுழைந்திருந்தார், அவ்வளவுதான். 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் பார்க்கப்பட்டன. அதில் கிளவுட்ஃபிளேரும் ஒன்று. அவர்கள் உஷாராகி, கசிந்தவற்றை மாற்றினார்கள். ஆயிரக்கணக்கில் மாற்ற வேண்டியிருந்ததில் ஒரு டோக்கனும் மூன்று சர்வீஸ் அக்கவுண்டுகளும் மட்டும் விட்டுப்போயின. காரணம், அவை பயன்பாட்டில் இல்லை என்று தவறாக நினைத்துவிட்டார்கள். நவம்பரில் திருடர்கள் அந்த நான்கை வைத்தே கிளவுட்ஃபிளேருக்குள் வந்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் கிளவுட்ஃபிளேரே இதை வெளிப்படையாக எழுதியது. பாதுகாப்பையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது நடந்தது என்றால், நம் கான்ஃபிக் கோப்புகளின் கதி என்ன?

மைக்ரோசாஃப்டுக்கும் இதே வகைதான். 2024 ஜனவரியில் அவர்கள் கண்டுபிடித்த ஊடுருவல், பழைய சோதனைச் சூழல் ஒன்றில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாமல் கிடந்த ஒரு கணக்கில் தொடங்கியது. அங்கே மறந்துபோன ஒரு ஓஆத் செயலிக்கு (பாஸ்வேர்டு கேட்காமல் டோக்கனால் அனுமதி பெறும் செயலி) நிறுவனச் சூழலில் உயர்ந்த அனுமதி இருந்தது. உயர் அதிகாரிகளின் மின்னஞ்சல் வரை போனது. ஆகவே 'கண்டுபிடித்தல்' என்ற வரிக்கு உங்கள் தாளில் மற்ற எல்லா வரிகளையும் விட அதிக மதிப்பெண் கொடுங்கள். நீங்கள் சொன்ன கணக்குகளைக் காப்பது பெரிய விஷயம் இல்லை. நீங்கள் சொல்லாததைத் தேடி எடுத்து வந்து உங்கள் முன் போட வேண்டும்.

அடுத்தது பெட்டகத்தையே நம்புவது பற்றி. எல்லாச் சாவிகளையும் ஒரே பெட்டியில் வைக்கிறோம். அந்தப் பெட்டி உடைந்தால் என்ன, திறக்காமல் போனால் என்ன என்று இரண்டு பயங்கள் உண்டு. முதல் பயத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் புகுந்தவர், ஒப்பந்த ஊழியர் ஒருவருக்குச் சரிபார்ப்பு வேண்டுகோள்களை விடாமல் அனுப்பிச் சலிக்க வைத்து ஒன்றை ஏற்கச் செய்தார். உள்ளே ஒரு பகிர்வுக் கோப்புறையில் கிடந்த பவர்ஷெல் ஸ்கிரிப்ட் என்ற கட்டளைக் கோப்பில் பேம் மென்பொருளின் அட்மின் பாஸ்வேர்டே எழுதியிருந்ததாக அவர் சொன்னது செய்திகளில் வந்தது. பெட்டகத்தில் குறை இல்லை, பெட்டகத்தின் சாவியைப் பாய்க்கு அடியில் வைத்துவிட்டார்கள். 2024 டிசம்பரில் பியாண்ட்டிரஸ்டின் தொலைதூர உதவி சேவைக்கான ஒரு ஏபிஐ கீ திருடு போய், 17 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அமெரிக்க நிதித் துறையும் அதில் ஒன்று. இதில் ஒரு முரண் உண்டு: முந்தைய ஆண்டு ஆக்டாவின் உதவி அமைப்பில் கோளாறு இருக்கிறது என்று ஆக்டாவுக்கே முதலில் எச்சரிக்கை சொன்னவர்களில் பியாண்ட்டிரஸ்டும் ஒன்று. மேனேஜ்எஞ்சினின் பாஸ்வேர்டு மேனேஜர் புரோவில் 2022-ல் வெளியான பாதுகாப்பு ஓட்டையும் உண்மையான தாக்குதல்களில் பயன்படுத்தப்பட்டது.

ஓட்டை வந்த நிறுவனத்தைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படி அடித்தால் தாளில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். ஓட்டை வந்த பிறகு எத்தனை நாளில் சொன்னார்கள், வாடிக்கையாளர் தன் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளத் தேவையான பதிவுகளைக் கொடுத்தார்களா, இல்லை 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லி முடித்தார்களா என்று பாருங்கள். அந்த அறிக்கைகள் பொதுவெளியில் இருக்கின்றன. விற்பனைச் சிற்றேட்டைவிட அவற்றைப் படிப்பதற்கு நேரம் ஒதுக்கலாம்.

இரண்டாவது பயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெட்டகத்துக்குள் நுழைய ஒற்றை உள்நுழைவு வேண்டும் என்று வைத்திருப்பீர்கள், பாதுகாப்புக்கு நல்லதுதான். அந்த ஒற்றை உள்நுழைவின் அட்மின் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது? பெட்டகத்துக்குள். ஒற்றை உள்நுழைவு விழுந்தால் பெட்டகம் திறக்காது, பெட்டகம் திறக்காமல் ஒற்றை உள்நுழைவைச் சரிசெய்ய முடியாது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. இந்தச் சுழலை வரைபடத்தில் வரைந்து காட்டிய விற்பனையாளர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை, நாங்களாகத்தான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கண்டுபிடித்தோம். பழைய பாணி சைபர்ஆர்க் அமைப்பில் பெட்டக சர்வரை, நிறுவனக் கணினிகளையெல்லாம் ஒன்றாக ஆளும் டொமைனில் சேர்க்கக் கூடாது என்று சொல்வார்கள். புதிதாக வருபவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரியும். காரணம் எளிது: டொமைன் பறிபோன நாளில் பெட்டகமாவது கையில் இருக்க வேண்டும்.

ஹாஷிகார்ப் வால்ட் இதை வேறு விதமாகச் செய்கிறது. மறுபடி தொடங்கினால் பூட்டியபடியேதான் எழும். மறைகுறியீட்டு அறிஞர் ஆதி ஷமிர் 1979-ல் சொன்ன முறைப்படி சாவியைத் துண்டுகளாக்கி வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்திருப்பார்கள். வழக்கமான அமைப்பில் ஐந்து துண்டு, அதில் மூன்று சேர்ந்தால்தான் திறக்கும். அழகான கணக்கு. ஆனால் விடியற்காலை 3 மணிக்கு சர்வர் மறுபடி தொடங்கும்போது, அந்த மூன்று பேரில் ஒருவர் விமானத்தில், ஒருவர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் என்றால்? தானாகத் திறக்கும் வழியும் உண்டு, அப்போது அந்தச் சாவி கிளவுட் நிறுவனத்திடம் இருக்கும். இரண்டில் எது வேண்டும் என்று வாங்கும் முன்பே நீங்கள் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் ராத்திரியில் அந்த முடிவை நான் தனியாக எடுக்க முடியாது.

அவசரக் கணக்கு என்று ஒன்று எல்லா இடத்திலும் இருக்கிறது. என்ட்ராவுக்கு அப்படி இரண்டு கணக்காவது வைத்திருக்கச் சொல்லி மைக்ரோசாஃப்டே பரிந்துரைக்கிறது. இரண்டாவது நிறுவனத்தில் அதை ஒரு காகித உறையில் போட்டு, அரக்கு வைத்து, இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பார்க்கவே மரியாதையாக இருக்கும். தேவைப்பட்ட நாளில் பிரித்தோம். உள்ளே இருந்தது இரண்டு வருடத்துக்கு முந்தைய பாஸ்வேர்டு. நடுவில் யாரோ மாற்றியிருந்தார்கள், உறையை யாரும் மாற்றவில்லை. விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் சேவை முழுவதும் நின்றுபோனால், நாங்கள் எங்கள் சர்வருக்குள் போகும் வழி எது? அதை இப்போது, இங்கே, எங்கள் முன்னால் செய்து காட்டுங்கள்.

இனி எங்கள் அன்றாடம். பேம் மென்பொருளை அதிகம் வெறுப்பவர்கள் திருடர்கள் இல்லை, அட்மின்கள்தான். இதை வெட்கப்படாமல் சொல்கிறேன். எனக்குப் பழகிய டெர்மினலை விட்டுவிட்டு, பிரவுசருக்குள் ஒரு சின்னப் பெட்டியில் கறுப்புத் திரையைத் திறந்து, காப்பி பேஸ்ட் கூட ஒழுங்காக வேலை செய்யாமல், பதினைந்து நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும் ஒரு செஷனில் நாள் முழுக்க வேலை செய்யச் சொன்னால், நான் என்ன செய்வேன்? உண்மையைச் சொன்னால், ஒரு தடவை சர்வருக்குள் போனதும் என் சொந்த எஸ்எஸ்எச் சாவியை அங்கே வைத்துவிட்டு வருவேன். அடுத்த முறை நேராகப் போகலாம். செய்தேனா என்று கேட்காதீர்கள். செய்தவர்களைத் தெரியும். திட்டி இதை நிறுத்த முடியாது. முறையான வழி குறுக்கு வழியைவிடச் சுலபமாக இருந்தால்தான் நிற்கும். எங்கள் வழக்கமான எஸ்எஸ்எச், ரிமோட் டெஸ்க்டாப் கருவிகளிலிருந்தே இணைய முடிகிறதா என்பதைச் சோதிக்க எங்களில் ஒருவரிடம் ஒரு நாள் கொடுங்கள்.

ஒப்புதலும் அப்படித்தான். ஒவ்வொரு நுழைவுக்கும் மேலாளர் ஒப்புதல் என்று விதி எழுதுவது தணிக்கைக்கு நன்றாக இருக்கும். இரவில் டேட்டாபேஸ் நின்றால் மேலாளர் தூங்கிக்கொண்டிருப்பார், தூங்கட்டும். பணிமுறைப் பட்டியலையும் டிக்கெட்டையும் பார்த்து, 'இவர் இன்று பணியில் இருக்கிறார், இந்தக் கோளாறு இவர் பெயரில் இருக்கிறது' என்று தானே அனுமதித்து, பிறகு பார்வைக்கு அனுப்பும் வசதி இருக்கிறதா? இல்லையென்றால் நடப்பது என்ன தெரியுமா? மேலாளர் தன் கைப்பேசியில் எல்லா வேண்டுகோளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'சரி' அழுத்தப் பழகிவிடுவார். ஊபரில் அந்த ஒப்பந்த ஊழியர் அழுத்தியதும் அதே பொத்தானைத்தான்.

செஷன் பதிவு பற்றி ஒரு வார்த்தை. வீடியோவாகப் பதிவு செய்யும் மென்பொருள்களைப் பார்த்துக் குழு மகிழ்கிறது. யார் பார்ப்பது? ஆறு மாதம் கழித்து ஒரு சம்பவம் நடந்தால், பல நூறு மணி நேரப் படத்தில் ஒரு கட்டளையைத் தேட வேண்டும். எழுத்தாகத் தேட முடிகிற பதிவு எனக்கு ஆயிரம் மடங்கு மேல். திரையில் யாராவது பாஸ்வேர்டைத் தட்டியிருந்தால் அந்தப் பதிவே ஒரு ரகசியம் ஆகிவிடுகிறது என்பதையும், பதிவுகளைப் பார்க்கும் அனுமதி யாருக்கு என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பெயர்களை ஒப்பிடச் சொன்னால், வசதிகளைப் பார்ப்பதற்கு முன் பிறந்த இடத்தைப் பார்ப்பேன். சைபர்ஆர்க் 1999-ல் தொடங்கி, பெட்டகத்தைச் சுற்றி வளர்ந்தது. ஆழம் அதிகம், ஆள்பலமும் அதிகம் கேட்கும். இதைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஆள் ஒதுக்க முடியாத நிறுவனம் அதை வாங்கினால், கால் பங்கைப் பயன்படுத்திக்கொண்டு முழு விலையைக் கொடுக்கும். பியாண்ட்டிரஸ்டின் பலம் தொலைதூர உதவியும், ஊழியர் கணினியில் அட்மின் உரிமையை எடுத்துவிட்டுத் தேவையான செயலிக்கு மட்டும் கொடுப்பதும். டெலினியாவின் சீக்ரெட் சர்வர் நிறுவிப் பழகச் சுலபம் என்பது என் அனுபவம். டெலிபோர்ட், ஸ்ட்ராங்டிஎம் போன்றவை வேறு தலைமுறை: பாஸ்வேர்டைப் பத்திரப்படுத்துவதைவிட அட்மின் கைக்கு அது போகவே கூடாது என்கிற எண்ணத்தில் கட்டியவை. டெலிபோர்ட் கொடுக்கிற சான்றிதழ் சில மணி நேரத்தில் தானாகச் செத்துவிடும். ஹாஷிகார்ப் வால்ட் செயலிகளுக்கானது. ஒரு செயலி கேட்டால் அந்த நேரத்துக்கு ஒரு டேட்டாபேஸ் கணக்கை உருவாக்கிக் கொடுத்து, காலம் முடிந்ததும் அழித்துவிடும். மனிதர்களின் ரிமோட் டெஸ்க்டாப் செஷனை அதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

என் சாய்வை ஒளிக்கவில்லை. புதிதாகக் கட்டும் எதற்கும், நிரந்தர அனுமதியே இல்லாமல் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் கொடுக்கும் முறைதான் சரி என்று நினைக்கிறேன். திருட ஒன்றும் இல்லாத வீட்டில் பூட்டுக்கு என்ன வேலை? ஆனால் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச், யுபிஎஸ், விற்றவரே மறந்துவிட்ட ஒரு கருவி என்று ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு மூலை இருக்கும். அவற்றுக்கு ஒரே ஒரு அட்மின் கணக்குத்தான், சான்றிதழ் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த மூலைக்குப் பழைய பாணிப் பெட்டகம் வேண்டும். உங்கள் மூலை எவ்வளவு பெரியது என்பதுதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

சிறிய நிறுவனங்களின் குழுவுக்கு ஒன்று: நீங்கள் வாங்காமலே இருக்கலாம், இப்போதைக்கு. ஒவ்வொரு கணினியின் உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டையும் தனித்தனியாக மாற்றி வைக்கும் விண்டோஸ் லேப்ஸ் 2023 ஏப்ரலிலிருந்து இயங்குதளத்திலேயே இருக்கிறது. என்ட்ரா ஐடி பி2 உரிமம் ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதற்குள் பிஐஎம் என்ற பெயரில் நேரம் குறித்த அட்மின் உரிமை இருக்கிறது. பணம் கட்டியும் அதைத் திறந்துகூடப் பார்க்காத நிறுவனங்கள் உண்டு. மின்னஞ்சல் படிக்க ஒரு கணக்கு, நிர்வாகத்துக்கு வேறொரு கணக்கு, அதற்குக் கட்டாயமாக ஒரு ஃபைடோ2 சாவி (கையில் வைத்திருக்கும் பாதுகாப்புக் கருவி). 2021 மே மாதம் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைனை நிறுத்திய தாக்குதலுக்கு வழிவிட்டது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. அதைத் தடுக்கக் கோடிகளில் மென்பொருள் தேவைப்பட்டிருக்காது.

விலைப் பேச்சில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒருவர் ஆள் கணக்கில் விற்பார், ஒருவர் சர்வர் கணக்கில், இன்னொருவர் ரகசியங்களின் எண்ணிக்கையில். நீங்கள் சாவிகளை எண்ணாமல் போனால் மூன்று விலைகளை ஒப்பிடவே முடியாது. கணினிக் கணக்குகள் மனிதர்களைவிட வேகமாகப் பெருகும் என்பதால், இரண்டாம் ஆண்டு ரசீதில்தான் ஒப்பந்தத்தின் உண்மையான முகம் தெரியும்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் தணிக்கைக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். மனிதர்கள் நினைவில் வைக்கும் பாஸ்வேர்டைக் காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லிருந்தே சொல்லிவருகிறது. பெட்டகம் தானாக மாற்றுவது வேறு விஷயம், அதை யாரும் நினைவில் வைப்பதில்லை. இரண்டையும் ஒரே விதியில் கட்டிப்போட்டதால் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டே வந்த பாஸ்வேர்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னுடையது பதினேழு வரை போனது.

கடைசியாக ஒரு கோரிக்கை. இறுதிச் சுற்றில் இரண்டு பெயர்கள் மிஞ்சும்போது, விற்பனையாளர் தயார் செய்த சோதனைச் சூழலில் பார்க்காதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே மோசமான, யாரும் தொடப் பயப்படும் பழைய சர்வர்கள் பத்தைக் கொடுங்கள். இரண்டு வாரம். நடுவில் ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், பெட்டகத்தை நிறுத்துங்கள். அறையில் இரண்டு அட்மின்களை உட்கார வையுங்கள், அவர்கள் முணுமுணுப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரை அழைப்பது என்று தெரியவில்லையென்றால் இந்த வார இரவுப் பணியில் யார் இருக்கிறார் என்று பணிமுறைப் பட்டியலைப் பாருங்கள். பகலில் தூங்கிக்கொண்டிருப்பார், மாலை வரை காத்திருந்து கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பெட்டகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சர்வர் நிர்வாகி